நடு ஆற்றில் நாற்பத்தொரு வீடு

கொச்சுமாரித் திட்டில் தன்னைக் கொச்சுமாரிக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். யாரை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டாலும் ஷிமுல்காந்தி என்பார்கள். ஷிமுல்காந்தியை வங்கதேசத்து ஜமுனா ஆறு விழுங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பள்ளிவாசல் குளத்தங்கரைதான் கடைசியாகப் போனது. அதையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டு ஆறு ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருக்க, நாற்பத்தொரு வீட்டு ஜனங்களும் கூரைத் தகரத்தையும் தூண்களையும் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு தெற்கே இந்த மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்தவர்கள் ஊர்ப்பெயரையும் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சென்றாலும் மாட்டுச் சந்தையென்றாலும் ஷிமுல்காந்திதான். தெற்கு மூலையில் பின்னால் வந்து குடியேறிய பதினோரு வீட்டார் மட்டும் சூதுவாது தெரியாமல் கொச்சுமாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதில் தொராப் அலி மற்றவர்களைவிட ஒரு படி மேலே. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து கொச்சுமாரி என்ற சொல் வந்ததில்லை. "இந்தப் பக்கம்" என்பார், "மணலு" என்பார், ரொம்ப நெருக்கினால் "நாங்க தங்கியிருக்கிற எடம்" என்பார். புருஷன் பெயரைச் சொல்லக் கூசும் புதுப்பெண்கூட இவ்வளவு சுற்றி வளைக்க மாட்டாள் என்று அவர் மனைவி கோஹினூர் கேலி செய்வாள்.

வெறும் வீம்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஷிமுல்காந்தியில் அவருக்கு ஒன்பது பீகா நிலம் இருந்தது. ஆறு எடுத்ததை ஆறே ஒருநாள் திருப்பிக் கொடுக்கும். அப்படி மண் மேலே வரும்போது, இவன் ஊரைவிட்டுப் போய்விட்டவன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. நிலப்பத்திரத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். போன குளிர்காலத்தில் பழைய ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் வற்றி, ஒரு பாய் அகலத்துக்கு மணல் தலைகாட்டியது. தொராப் படகெடுத்துக்கொண்டு போய் அதில் ஒரு மூங்கிலை நட்டு, மகள் பாருலின் பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறி.

மழைக்கால ஆஷாட மாதம் பிறந்து பத்து நாளாகியிருந்தது. படகுத்துறையில் கோஹினூர் நட்டு வைத்திருந்த குச்சியில் தண்ணீர் ஒரே ராத்திரியில் நான்கு விரல்கடை ஏறியிருந்தது. அவள் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பை மூட்டினாள். மண்ணடுப்பு, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னது. இந்தப் பக்கத்தில் எதையுமே தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் செய்வார்கள். பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, காய்ந்த மிளகாயைச் சுட்டு, வெங்காயத்தோடு கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். மிளகாய் அவர்கள் மணலில் விளைந்ததுதான், காரம் கண்ணுக்கு ஏறும்.

"உப்பு போடாதம்மா எனக்கு," என்றாள் பாருல். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மேற்குக் கரை ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் கூட இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, வலி எடுத்ததும் கொண்டுவந்துவிடு என்று கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்லிவிட்டார்கள். இஞ்சின் படகில் இரண்டரை மணி நேரம். வெள்ளம் வந்துவிட்டால் எந்தப் படகு, யாருடைய படகு? கோஹினூர் இப்போதெல்லாம் ராத்திரியிலும் எழுந்துபோய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு பிள்ளையை இதே ஆற்றில், நேரத்துக்குப் படகு கிடைக்காமல், பாதி வழியில் பறிகொடுத்தவள் அவள். அதை யாரிடமும் பேசமாட்டாள்.

முழங்கால் வரை சேற்றோடு தஹ்மினா வந்து சேர்ந்தாள். வெள்ள உதவி செய்கிற ஆபீசில் வேலை பார்க்கும் டவுன் பெண். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, தோளில் டேப்லெட், கையில் சுருட்டிய பிளாஸ்டிக் தாள். கோடையில் வீடு வீடாக வந்து கணக்கெடுத்துப் போனவள் என்பதால் நாய்கூடக் குரைக்கவில்லை.

"சாச்சி, மேல அசாம்ல பேய்மழை. அஞ்சு நாள்ல தண்ணி வந்துரும்னு சொல்லிட்டாங்க."

"எறும்பு முந்தாநாளே முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறிருச்சு. உங்க ஆபீசுக்கு இன்னிக்குத்தான் சேதி வந்துச்சாக்கும்."

"எறும்பு எத்தனை நாள்னு சொல்லுச்சா?"

"அது சொல்லல."

"அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்," என்று சிரித்துக்கொண்டே தாளைக் கட்டிலில் விரித்தாள். "இந்தத் தடவை கத்திக் கூப்பாடு போடவே வேணாம். எந்தப் படகு எந்தத் துறைக்கு வரணும்னு இதைப் பாத்துத்தான் பிரிக்கிறாங்க. கறுப்புக் கட்டம்லாம் வீடு. சிவப்புப் புள்ளி இருந்தா அங்க பிள்ளைத்தாச்சியோ நடக்க முடியாதவங்களோ இருக்காங்கன்னு அர்த்தம். சிவப்புக்குத்தான் முதல் படகு."

கோஹினூர் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். எழுத்து கூட்டத்தான் வரும். ஆனால் ஆறு தெரியும். நீலமாக வளைந்து போவதைப் பார்த்ததும் விரலை வைத்துவிட்டாள். "இது பெரிய மடை. இது பிரியுற எடம். அப்ப இந்தக் கத்திரிக்கா மாதிரி இருக்கே, இதானே நாம?"

"அதான் சாச்சி."

"எம் பொண்ணு எங்க?"

தஹ்மினா குனிந்து தேடினாள். கத்திரிக்காயின் அடிப்பக்கம் பதினோரு கட்டம். மேலே ஒன்றுமில்லை, வெறும் மணல் நிறம். அவள் விரல் வடக்கே போனது, இன்னும் வடக்கே போய்த் திட்டைத் தாண்டி நீலத்துக்குள் இறங்கியது. அங்கே ஆற்றின் நட்டநடுவில் நாற்பத்தொரு கறுப்புக் கட்டம். அதற்குள் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏன்டி, எம் பொண்ணு என்ன ஆத்து மீனா? நடுத்தண்ணியில கொண்டுபோய் வச்சிருக்க?"

பாருல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோஹினூரும் சிரித்தாள். தஹ்மினா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

"என்ன புள்ள?"

"சாச்சி, தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது." தஹ்மினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கணக்கெடுக்க வந்தப்ப எந்த ஊருன்னு கேட்டேன். எல்லாரும் ஷிமுல்காந்தின்னீங்க. டேப்லெட்டுல பழைய பட்டியல்ல அந்தப் பேரு இருந்துச்சு. தொட்டேன். அது வீட்டைத் தூக்கிப் பழைய ஊரு இருந்த எடத்துலயே வச்சிருச்சு."

"நீ இங்கதானடி நின்னே? என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சியே?"

"நிக்கிற எடத்தை அது தானா புடிக்கணும்னா ஒவ்வொரு வாசல்லயும் வெட்டவெளியில மூணு நிமிஷம் நிக்கணும். நாப்பத்தொரு வீடு. நெருப்பு மாதிரி வெயிலு. பேரைத் தொட்டா ஒரு நொடியில முடிஞ்சுரும். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஆபீஸ்ல தண்ணிக்குள்ள இருந்த வீட்டையெல்லாம் பாத்துட்டு, இவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு முடிவு கட்டியிருக்காங்க. இங்க பதினோரு வீடு, ஒரு சின்னப் படகு. அவ்வளவுதான் போட்டிருக்கு."

"அப்ப நாங்க?"

"நீங்க கணக்குலயே இல்ல சாச்சி."

கோஹினூர் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் கட்டைவிரலை வைத்தாள். விரலுக்கடியில் அது மறைந்துபோனது.

"எப்பக்குள்ள மாத்தணும்?"

"நாளைக்கு மூணு மணிக்குப் படகைப் பிரிச்சுக் குடுத்துருவாங்க. அதுக்குள்ள எல்லா வீட்டையும் திரும்ப எடுத்து அனுப்பணும். வாசல்ல நின்னு. இந்தத் தடவை ஊர்ப்பேரு கொச்சுமாரின்னு."

"ஊர்ப்பேரு," என்றாள் கோஹினூர். பெருமூச்சு விட்டாள். "வா. முதல்ல அந்த மனுஷன் சணல் காட்டுலேர்ந்து வரட்டும்."

தொராப் அலி வந்தார். ஆளுயரச் சணல் இன்னும் முற்றவில்லை, ஆனாலும் தண்ணீர் வருமுன் அறுத்தது மிச்சம் என்று காலையிலிருந்து அறுத்துக் கட்டிப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் சேறும் அரிப்புமாக வந்தார். சோற்றை வைத்துவிட்டு, அவர் மூன்று கவளம் உள்ளே தள்ளும் வரை பொறுத்திருந்து, கோஹினூர் விஷயத்தைச் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அதெல்லாம் எழுத முடியாது."

"எதெல்லாம்?"

"அந்தப் பேரு."

"பேரைச் சொல்ல வேணாம், எழுதவும் வேணாமா? உங்க பொண்ணு நடு ஆத்துல நிக்குறா. வந்து பாருங்க தாள்ல."

"பாருலோட அம்மா, புரியாம பேசாத. இத்தனை வருஷம் இல்லாம இந்த வருஷம்தான் மண்ணு தலை காட்டியிருக்கு. இந்த வருஷம் பாத்து நாங்க அந்த ஊர்க்காரங்க இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"சாச்சா, இது நில ஆபீஸ் தாள் இல்ல," என்றாள் தஹ்மினா. "படகுக்காரங்களுக்குப் போற தாள்."

"காகிதத்துக்குக் கால் இருக்கும்மா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கொசுவலை தர்றேன்னு ஒருத்தன் வந்து நம்ம ஹபீபை இந்தப் பக்கத்து ஆளுன்னு எழுதிட்டுப் போனான். அந்தத் தாளு எப்படிப் போச்சோ, அக்கரையில இருக்குற ஒரு பெரிய மனுஷன் கைக்குப் போச்சு. 'பாத்தீங்களா, அவனே வேற ஊருன்னு எழுதிக் குடுத்துட்டான்'னு சொல்லியே தண்ணிக்குள்ள கிடந்த ஹபீபோட அஞ்சு பீகாவைத் தன் பேருல எழுதிக்கிட்டான். ஹபீபுக்கு வந்தது ரெண்டு கொசுவலை. அதுலயும் ஒண்ணு ஓட்டை." அவர் தஹ்மினாவை நேராகப் பார்த்தார். "இந்தத் தாளு யாரு கைக்கும் போகாதுன்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

தஹ்மினாவுக்கு டவுனில் பயிற்சி கொடுத்தபோது இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவள் நாக்கில் வரவில்லை.

"பண்ண முடியாது சாச்சா. படகுக்குத்தான் எடுக்குறோம். பத்திரமாத்தான் வைப்போம். ஆனா நாளைப்பின்ன யாரு கண்ணுல படும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

தொராப் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சரி சரி என்று தலையாட்டிப் பொய் சொல்லும் ஆட்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். கோஹினூருக்கு அந்தப் பெண்ணின் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில்தான் போனது.

மழை தகரத்தில் பொடுபொடுவென்று விழ ஆரம்பித்தது. கோஹினூர் எழுந்துபோய் வீட்டின் மூலைத்தூணைத் தட்டினாள். ஆள் உயரத்தில் அதில் இரண்டு வெட்டு இருந்தது, அரிவாளால் போட்டது, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது.

"இது யாரு போட்டது?"

"ஏன், நான்தான்."

"எதுக்குப் போட்டீங்க?"

"என்ன கேள்வி இது? ஒத்த வெட்டு கெழக்கு மூலை, ரெட்டை வெட்டு மேக்கு மூலை. கழட்டிப் போட்டா எது எதுன்னு தெரியணும்ல?"

"அந்த வெட்டு அங்க போட்டது. ஷிமுல்காந்தியில. தூணு நிக்கிறது இங்க. வெட்டு அழிஞ்சுபோச்சா? இல்ல, வெட்டு அங்க போட்டதுன்னு தூணு இங்க நிக்க மாட்டேன்னுச்சா?" அவள் தஹ்மினா பக்கம் திரும்பினாள். "எங்க வெட்டின தூணுன்னும் இருக்கணும், இப்ப எங்க நிக்குதுன்னும் இருக்கணும். உன் பொட்டியில இந்த ரெண்டுக்கும் எடம் இல்லியா?"

தஹ்மினா டேப்லெட்டை எடுத்துத் திரையைக் கீழே கீழே தள்ளினாள். பெயர், தலைக்கட்டு, ஆடு மாடு, கழிப்பறை, எல்லாம் தாண்டி அடியில் ஒரு கட்டம் இருந்தது. குறிப்பு. அதை அவள் ஒரு தடவைகூட நிரப்பியதில்லை. யாரும் நிரப்புவதில்லை.

"இருக்கு சாச்சி. ஆனா ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

கொச்சுமாரியில் போன் பேச வேண்டுமென்றால் வைக்கோல் போர் மேல் ஏற வேண்டும். ஏறினாள். மழையில் சறுக்கிச் சறுக்கி ஏறி, ஒரு கையால் உச்சிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கீழே நின்ற இருவருக்கும் இவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. "ஆமா ஜாஹித் பாய், உயிரோட இருக்காங்க... நாப்பத்தொண்ணும்... எதிர்லதான் நிக்கிறாங்க... திட்டுங்க, அப்பறமா திட்டுங்க... குறிப்புல போட்டா போதுமா?... சரி... மூணு மணி, சரி." இறங்கும்போது பாதிப் போர் அவளோடு இறங்கியது.

"போடலாம்னுட்டாரு. 'இப்போது நிற்பது கொச்சுமாரி வடக்கு. சொந்த ஊர் ஷிமுல்காந்தி, நிலம் அங்கே.' இப்படிப் போடவா சாச்சா?"

"இன்னொரு தடவை படி," என்றார் தொராப். படித்தாள். "நிலம் அங்கேன்றதைக் கொஞ்சம் பெருசா எழுத முடியாதா?"

"எல்லாம் ஒரே அளவுதான் சாச்சா வரும்."

"சரி. ஆனா அந்தப் பேரை எங்கிட்டக் கேக்காத. இவ சொல்லுவா."

அன்று மதியத்திலிருந்து இருட்டும் வரையும், மறுநாள் விடிந்ததிலிருந்தும் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு வாசலிலும் தஹ்மினா மழையில் டேப்லெட்டைப் பாலித்தீனுக்குள் வைத்து நிற்பாள். கோஹினூர் பக்கத்தில் நின்று வாழை இலையை விலக்கிப் பிடிப்பாள், வானம் தெரியவேண்டுமாம். மூன்று நிமிஷம். இந்த மூன்று நிமிஷத்தில் ஊர்க்கதை அத்தனையும் நடந்தது. போட்டோ என்று நினைத்து ஜொய்த்தூன் தலைவாரி மத்தாப்பு மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். எருமையையும் பிடித்துக்கொண்டு நிற்கணுமா என்று ஒருத்தன் கேட்டான். பொரியும் வெல்லமும் கொடுத்தார்கள். பேர் என்றதும் எல்லோரும் தொராப்பைப் பார்த்தார்கள். அவர் குடையில்லாமல் பின்னாலேயே வந்து, "குறிப்பைப் படிம்மா" என்பார். அவள் படித்ததும் தலையசைப்பார். வீட்டுக்காரன் பிறகுதான் வாயைத் திறந்து கொச்சுமாரி என்பான். சில பேர் அதை ஏதோ கெட்டவார்த்தை மாதிரி மெல்லச் சொன்னார்கள்.

கேள்வியில் இல்லாததையும் கோஹினூர் சொன்னாள். "கலீமுக்குக் கண்ணு தெரியாதுன்னு போன தடவை சொல்லியிருக்க மாட்டான், வீறாப்பு. சிவப்பு போடு." "இந்த வீட்டுல ரெண்டு பொண்ணும் நாலு சின்னதும் மட்டும்தான், ஆம்பள டாக்காவுல ரிக்ஷா மிதிக்கிறான். எழுதிக்க." "ரோஷனாராவுக்கு இடுப்பு ஒடைஞ்சு மூணு மாசம். நடக்குறேன்னு சொல்லுவா, நம்பாத." ஒரு சிவப்புப் புள்ளி ஐந்தாயிற்று. இவள் மனசுக்குள் இருப்பதை ஒரு தாளில் கொட்டினால் ஆபீசில் பத்துப் பேர் ஒரு மாதம் செய்கிற வேலை என்று தஹ்மினாவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னாள்.

"அடப்போடி. பக்கத்து வீட்டைத் தெரிஞ்சு வச்சிருக்கறது ஒரு வேலையா?"

இரண்டு மணி சுமாருக்கு வைக்கோல் போர் மேலிருந்து அனுப்பினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, கீழே நின்ற நாற்பது பேரும் சுற்றுவதையே பார்ப்பது போல் அண்ணாந்து நின்றார்கள். போயிருச்சு என்று அவள் கத்தியபோது யாரோ கை தட்டினார்கள். மாலையில் போனில் பதில் வந்தது. கொச்சுமாரி வடக்குக்கு இரண்டு பெரிய படகு. முதல் படகு சிவப்புப் புள்ளிகளுக்கு. தஹ்மினா அடுத்த திட்டுக்குக் கிளம்பும்போது, கோஹினூர் ஒரு பை காய்ந்த மிளகாயை அவள் தோளில் மாட்டிவிட்டாள்.

அப்புறம் மூட்டை கட்டும் வேலை. அவல், வெல்லம், தினை மூட்டை, அடுப்பு, கோழிக்கூடு. சாமான்களைப் பரணில் ஏற்றினார்கள். தொராப் தூண்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்தார்.

ஐந்து நாள் என்று சொன்ன தண்ணீர் நான்காம் நாளே வந்துவிட்டது. விடிகாலைத் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும்போது முற்றத்தில் சலசலவென்று சத்தம். வெளிச்சம் வருவதற்குள் கணுக்கால், காலை ஏழு மணிக்கு முழங்கால். அதே ஏழு மணிக்குப் பாருல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே கோஹினூருக்குத் தெரிந்துவிட்டது.

"படகு நாளைக்குத்தானே சொன்னாங்க," என்றார் தொராப். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நின்னு பேசாதீங்க. போர் மேல ஏறுங்க."

ஐம்பத்தைந்து வயசு மனுஷர், அடித்துப் பெய்கிற மழையில், தண்ணீரில் நின்ற வைக்கோல் போர் மேல் தவழ்ந்து ஏறினார். கோஹினூர் மகளின் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டாள். அவர் வெள்ளத்தோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "தஹ்மினாம்மா! நான்தான் பாருலோட அப்பன்! சிவப்புப் புள்ளிக்கு வலி வந்துருச்சும்மா! ஆமா, சிவப்புப் புள்ளி! எங்க சிவப்புப் புள்ளி!"

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கட்டிலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். மழை ஒரு திரை மாதிரி நின்றது, பத்தடிக்கு அப்பால் வாழை மரம்கூடத் தெரியவில்லை. துறை போய்விட்டது, கோஹினூரின் குச்சி போய்விட்டது, அடையாளம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாருலின் கை அவள் கையை நொறுக்கியது. பாதி வழியில் போன அந்தப் பிள்ளையின் முகம், எத்தனையோ வருஷமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்த முகம், அவளுக்கு அப்போது வந்தது. அல்லா, இந்தத் தடவை வேண்டாம், இந்தத் தடவை வேண்டாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மகளிடம், "ஒண்ணுமில்லடி, மூச்சு விடு, வந்துருவாங்க" என்றாள்.

ஒன்பது மணிக்கு இஞ்சின் சத்தம் கேட்டது. சத்தம் தள்ளிப் போகும், போய்விடும் என்று அவள் பயந்தாள். தள்ளிப் போகவில்லை. மழையைப் பிளந்துகொண்டு ஒரு படகு மூக்கு, வாழை மரத்தை ஒடித்துக்கொண்டு, நேராக அவர்கள் வாசலில் வந்து முட்டியது.

"கோஹினூர் பாபி! வாசக்கால்லயே கொண்டாந்து நிறுத்திட்டேன் பாத்தீங்களா!" படகோட்டி கலந்தர் மாஜி. தலையில் பிளாஸ்டிக் பை, கழுத்தில் தொங்கிய போன். "முப்பது வருஷமா படகு ஓட்டுறேன், இந்த மழையில எம் பொண்டாட்டி வீட்டுக்கே எனக்கு வழி தெரியாது. 'ஆறு வருஷா வருஷம் புரண்டு படுக்குது, இந்தப் பொட்டிக்கு என்னடா தெரியும்'னு ஆபீஸ்ல சண்டை போட்டுட்டு வந்தேன். பொட்டி சரியா கூட்டியாந்துருச்சே!"

"பொட்டி இல்லய்யா," என்றார் தொராப், மகளைக் கைகளில் தூக்கிக்கொண்டே. "எம் பொண்டாட்டி மூணு நிமிஷம் மழையில நின்னா."

படகில் ஏற்கெனவே கலீமும் ரோஷனாராவும் இருந்தார்கள். ரோஷனாரா படுத்தபடியே எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். படகு கிளம்பும்போதுதான் கோஹினூர் கவனித்தாள். உத்தரத்தில் நிலப்பத்திரம் இருந்த பாலித்தீன் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"பத்திரம்!" என்றாள்.

தொராப் திரும்பிப் பார்த்தார். "தூணு கட்டியிருக்கேன். நிக்கும்," என்றார். மகளின் முகத்தில் மழை விழாமல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டார்.

மேற்குக் கரை ஆஸ்பத்திரியில், பிற்பகல் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னால், பெண் குழந்தை பிறந்தது. பாருலுக்கு ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள், கோஹினூரின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. குழந்தை கத்திய கத்தலில் வராந்தாவில் வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த ஆடு ஒன்று பதிலுக்குக் கத்தியது. கோஹினூர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

சாயங்காலம் நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். குழந்தையின் எடை, பிறந்த நேரம் எல்லாம் எழுதினாள்.

"ஆறு வாரத்துல தடுப்பூசி போட எங்க ஆளு வீட்டுக்கே வருவாங்க. தண்ணி வடிஞ்சதும் திரும்பிப் போயிடுவீங்கல்ல? எந்த ஊருக்கு வரணும்?"

வழக்கமாக இந்த இடத்தில் கோஹினூர்தான் பதில் சொல்வாள். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தொராப்பின் மடியில் துணிச்சுருளுக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு மயிரிழையைச் சேறு போகாத விரலால் ஒதுக்கினார். தொண்டையைச் செருமினார்.

"கொச்சுமாரி," என்றார்.

"எங்க?"

"கொச்சுமாரிம்மா. கொச்சுமாரித் திட்டு, வடக்குப் பக்கம். நேரா வந்துரலாம், அலைய வேணாம். எங்களுக்குப் புள்ளி வச்சிருக்காங்க."

கோஹினூர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷமாகக் கேலி செய்தவளுக்கு இன்றைக்குக் கேலி வரவில்லை. நர்ஸ் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனாள். தொராப் குழந்தையைச் சாய்க்காமல் மெல்ல முன்னால் குனிந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க தாள்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கா?"